கை நின்றால் ஆலை நிற்குமா?

அன்புள்ள அக்கா,

டர்பனில் ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கிறேன். செயற்கை நுண்ணறிவு நம்மை மிஞ்சிவிடும் என்றாலே வீட்டில் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். எனக்குப் பயமில்லை. அது மருந்து கண்டுபிடிக்கட்டும், நமக்குப் பதிலாக உழைக்கட்டும். நம் முன்னோர் கரும்புத் தோட்டத்தில் பட்ட பாடு போதாதா?

வெருலத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மருந்து விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். மருந்து தேட உதவும் ஒரே ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்காகப் போராடியவர்கள் உண்டு. ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு 2022க்குள் சுமார் 20 கோடிப் புரதங்களின் வடிவத்தைக் கணித்துக் கொடுத்துவிட்டது. நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத வீடு எது? இதிலிருந்து ஒரு நல்ல மருந்து வந்தால் முதலில் கையெடுத்துக் கும்பிடுபவள் நான்தான்.

ஆனால் கரும்புத் தோட்டத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

என் பாட்டியின் ட்ரங்குப் பெட்டியில் கரும்பு வெட்டும் கத்தி ஒன்று இருந்தது. அவருடைய அப்பாவின் கத்தி. மரப்பிடியில் விரல்கள் பிடித்த இடம் மட்டும் குழிந்து வழுவழுவென்று இருக்கும். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த தொழிலாளிக்கு முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் கூலி. ஒப்பந்தம் முடிந்தும் நம் டர்பன் இருக்கும் நேட்டாலில் தங்கினால் வருடத்துக்கு 3 பவுண்டு வரி என்று 1895இல் சட்டம் போட்டார்கள். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், ஆறு மாதக் கூலி! கட்ட முடியாதவர் ஊருக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்க வேண்டும்.

மனுக்கள் எடுபடவில்லை. 1913 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க் பக்கமிருந்து போன நம் பெண்கள் நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். சுரங்கம் நின்றது. அப்புறம் கடலோரக் கரும்புத் தோட்டங்களும் நின்றன. அடி, சிறை, துப்பாக்கிச் சூடு எல்லாம் நடந்தது. சிறையில் நோயுற்று வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தபோது வயது 16. அதே வருடம் வரி ஒழிந்தது.

இந்தியாவிலும் லண்டனிலும் எழுந்த குரல்கள் உதவின என்பது உண்மை. அந்தக் குரல்களை எழுப்பியதே நின்றுபோன கைகள்தான். ஓட்டு இல்லாதவர்களிடம் இருந்த ஒரே பலம், கத்தியைக் கீழே வைத்தால் ஆலை நின்றுவிடும் என்பது.

வெட்டவும் எழுதவும் யோசிக்கவும் இயந்திரமே போதும் என்று ஆகிவிட்டால், எந்த வேலையை நிறுத்தி யாரை அசைப்பது, தம்பி? தென்னாப்பிரிக்காவில் வேலைக்கு முன்வருபவர்களில் இப்போதே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வேலை கிடைக்கவில்லை. அவர்கள் பேச்சு எந்த அலுவலகத்தில் எடுபடுகிறது? இயந்திரம் கட்டுமீறிப் போகும் என்ற பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. இந்தத் துறையை வளர்த்த ஜெஃப்ரி ஹின்டனே 2023இல் கூகுளை விட்டு வெளியே வந்து எச்சரித்தார். ஆனால் அது சொன்ன பேச்சைத் தட்டாமல் கேட்டாலும் எனக்குத் தூக்கம் வராது. யார் பேச்சைக் கேட்கும்?

முதுகொடிக்கும் உழைப்பு போகட்டும். அது போவதற்கு முன்னால், நம் கைக்கு விலை இருக்கும்போதே, இயந்திரம் சம்பாதிப்பதில் பங்கும் அது தவறினால் நிறுத்தும் அதிகாரமும் நமக்கு உண்டு என்று சட்டத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும்.

உங்கள் கால் சென்டரில் நீங்கள் பேசுவதைப் பதிவு செய்கிறார்களா? அந்தப் பதிவுகளை வைத்து எந்த இயந்திரத்தைப் பழக்குகிறார்கள்? சக ஊழியர்களையும் சேர்த்துக்கொண்டு மேலாளரிடம் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா