கஜல் மெட்டில் தமிழ் வரிகள் ஏன் ஒட்டுவதில்லை?

கேள்வி: கஜல் (உருதுக் கவிதைப் பாட்டு) பாணியில் ஒரு மெட்டு போட்டுவிட்டு அதற்குத் தமிழில் வரிகள் எழுதினேன். ‘ஜன்னலைத் திறந்தது காற்று’ என்பது முதல் வரி. கடைசி ‘று’வை இழுத்துப் பாடும்போது கேட்க நன்றாகவே இல்லை. மொழிக்கும் பாணிக்கும் பொருந்துகிற மாதிரி மெட்டு அமைப்பது எப்படி?

உங்கள் வரி நல்ல வரி. இடிப்பது அந்த ‘று’ மட்டும்தான். ‘காற்று’ என்பதில் கடைசி உகரம் குற்றியலுகரம். இலக்கணம் அதற்கு அரை மாத்திரைதான் கொடுக்கிறது. உதட்டைக் குவிக்காமல் சொல்கிற ஒலி அது. நான்கு மாத்திரைக்கு இழுத்தால் உதடு தானாகக் குவிந்து ‘காற்றூ’ ஆகிவிடும். அப்படி ஒரு சொல் தமிழில் இல்லை என்பது காதுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. பாடுகிறவர் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் இதைச் சரிசெய்ய முடியாது. மெட்டில்தான் சரிசெய்ய வேண்டும்.

நானும் இதே இடத்தில் முட்டிக்கொண்டவள். தில்லியில் ராமகிருஷ்ணபுரத்தில் வளர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு திருப்புகழ் வகுப்பு. கல்லூரி நாட்களில் மண்டி ஹவுஸ் பக்கம் போய் இந்துஸ்தானி கற்றுக்கொண்டேன். ஆர்மோனியத்தில் யமன் ராகத்தை வாசித்துக்கொண்டே ஒருநாள் தாத்ராவில் மெட்டு ஒன்று போட்டேன். ஆறு மாத்திரைத் தாளம். ‘நா நா’ என்று முணுமுணுத்தபோது அழகாக இருந்தது. பிறகு அதில் ‘மலை மேல் நிலா’ என்று வார்த்தையை வைத்தேன். மெட்டில் ‘ம’வுக்கு இரண்டு மாத்திரை, ‘லை’க்கு ஒன்று, ‘மேல்’ மூன்று. அடுத்த சுற்றில் ‘நி’ இரண்டு, ‘லா’ நான்கு. வகுப்புக்கு வருகிற மாமி ஒருவரிடம் பாடிக் காட்டினேன். “நன்னா இருக்குடிம்மா. ஆனா மலையா, மாலையா? நீலாங்கறது யாரு?” என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். நான் எழுதியது ஒன்று, அவர் காதில் விழுந்தது வேறு.

இந்தியிலும் குறில் நெடில் உண்டு. ‘தின்’ என்றால் நாள், ‘தீன்’ என்றால் ஏழை. ஆனாலும் இதயம் என்று பொருள்படும் ‘தில்’லை இழுத்துப் பாடினால் யாரும் குழம்புவதில்லை. உருதுக் கவிதையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. கஜலின் யாப்பும் நம்முடையதைப் போல நெடில் குறில் கணக்கில் நடப்பதுதான். ஆனால் ‘மேரா’, ‘தேரா’ போன்ற சொற்களின் நெடில்களைத் தேவைப்படும் இடத்தில் குறிலாக எண்ணிக்கொள்ளக் கவிஞருக்கு உரிமை உண்டு. ‘மெர’ என்று சுருங்கினாலும் அது ‘என்னுடைய’தாகவே இருக்கும். தமிழில் அந்த உரிமை கிடையாது. கால் சுருங்கினால் கல், வீடு சுருங்கினால் விடு, கோடு சுருங்கினால் கொடு. கஜல் மெட்டை அப்படியே தூக்கிவந்து தமிழை அதில் உட்காரவைக்க முடியாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

அன்றைக்கு மாமி சொல்லித்தான் வார்த்தையை முதலில் வாயால் சொல்லிப் பார்த்தேன், ராகம் இல்லாமல், தொடையில் தட்டிக்கொண்டு. வரிசையை மாற்றி ‘நிலா மலை மேல்’ என்று சொன்னதும் ஏழு மாத்திரை தானாக விழுந்தது. நிலா மூன்று, மலை இரண்டு, மேல் இரண்டு. மூன்று-இரண்டு-இரண்டு என்றால் இந்துஸ்தானி ரூபக் தாளம். நம் மிஸ்ர சாபுவும் அதே ஏழுதான். கஜலுக்கு ரூபக் பழகிய தாளம், ஆகவே பாணியை விட்டு நான் எங்கும் போகவில்லை. அடுத்த வரி ‘உலா வர வா’ என்று வந்தது, அதே கணக்கில், நிலாவுக்கு உலா எதுகையாக. யமன் அப்படியே இருந்தது. தாளத்தை மட்டும் வார்த்தை மாற்றிக்கொண்டது. அந்தச் சாயங்காலம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இதற்குத் தமிழில் மிகப் பெரிய பாடப்புத்தகம் திருப்புகழ். பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் பாடியவை. ‘முத்தைத்தரு பத்தித் திருநகை’ என்றால் அதன் சந்தம், அதாவது ஓசை வாய்பாடு, ‘தத்தத்தன தத்தத் தனதன’. சந்தத்தைச் சொன்னாலே தாளம் தெரிந்துவிடும். தில்லியில் ஏ.எஸ். ராகவன் குருஜி திருப்புகழ்ப் பாடல்களுக்கு ராகமும் தாளமும் அமைத்து அன்பர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழியில்தான் எங்கள் வகுப்பும் நடந்தது. அங்கே நான் கற்றது மாத்திரைக் கணக்கை மட்டும் அல்ல. ‘தத்த’வும் ‘தந்த’வும் கணக்கில் ஒன்று, ஓசையில் வேறு. ‘தத்த’வில் வல்லின ஒற்று மூச்சைக் கணநேரம் அடைக்கிறது. அந்த இடத்தில் ஸ்வரத்தை இழுக்க முயன்றால் சொல் கெட்டுவிடும், வெட்டினால் துள்ளும். ‘தந்த’வில் மெல்லினம் ரீங்கரிக்கிறது. ஸ்வரத்தை அசைக்க, வழுக்க, மீண்டு எடுக்க அங்கே இடம் உண்டு. ‘பட்டம்’ என்ற சொல்லையும் ‘பந்தம்’ என்ற சொல்லையும் ஒரே மெட்டில் பாடிப் பாருங்கள், கையோடு தெரியும். கஜலின் நெகிழ்வு வேண்டுமானால் மெல்லினமும் இடையினமும் மிகுந்த சொற்களைத் தேடுங்கள்.

தமிழ்ச் சொற்கள் மெய்யில் முடிவதால் பாட்டுக்கு ஆகாது என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். எந்த மெய்யில் முடிகின்றன என்று பார்க்க வேண்டாமா? தமிழ்ச் சொல் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லினத்தில் முடிவதில்லை. ம், ன், ண், ல், ள், ர், ழ், ய் இவற்றில்தான் முடிகிறது. இவை எல்லாமே குரல் தொடரக்கூடிய ஒலிகள். ‘வானம்’ என்று முடித்து ‘ம்’மிலேயே சுருதியோடு நிற்கலாம். இந்தியில் ‘ராத்’, ‘பாத்’ என்று முடிகிற சொல்லில் அது நடக்காது. உயிரை இழுத்து, கடைசியில் கதவைச் சாத்தத்தான் வேண்டும்.

பாணியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கஜலில் ஒவ்வொரு ஷேரும், அதாவது ஈரடியும், ரதீஃப் என்கிற ஒரே தொடரில் வந்து முடியும். அதற்கு முன்னால் காஃபியா என்கிற இயைபு, அதாவது ஒலி ஒத்து முடியும் சொல். கேட்பவர்கள் அந்த முடிவுக்காகக் காத்திருப்பார்கள், மெட்டும் அங்கே வந்து தங்கும். தமிழில் வினை கடைசியில் வருவதால் இயைபு கிடைப்பது மிகச் சுலபம்: வந்தாய், நின்றாய், சென்றாய். சுலபம் என்பதாலேயே அதில் வியப்பு குறைவு. நம் காது சிலிர்ப்பது வரியின் தலையில், எதுகையும் மோனையும் விழுகிற இடத்தில். அதனால் நான் வரி தொடங்குகிற ஸ்வரத்தை மேலே, தனியாகத் தெரிகிற மாதிரி வைக்கிறேன். முடிவைக் கஜலுக்குக் கொடுத்துவிட்டுத் தலையைத் தமிழுக்கு வைத்துக்கொள்வது என் வழக்கம்.

மேற்கத்திய மெட்டுக்கும் இது பொருந்தும். தேவாலயங்களில் ஞானப்பாட்டுகள் என்று மேற்கத்திய மெட்டிலேயே மொழிபெயர்த்தவை உண்டு, கீர்த்தனைகளும் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக முறையில் எழுதிய கீர்த்தனைகளில் சொல் எங்கும் திணறுவதில்லை. ஆங்கிலப் பாட்டு பல சமயம் அழுத்தமில்லாத அசையில் தொடங்கி அடுத்ததில் ஊன்றும். தமிழ்ச் சொல் முதல் அசையிலேயே ஊன்றுகிறது. அதனால் அந்த மெட்டில் தமிழை அப்படியே வைத்தால் ஊன்றல் தவறான அசையில் விழும்.

தில்லியில் பொங்கலுக்குப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கும்போது இன்னொன்றும் கற்றேன். இந்தியில் குறில் எகரமும் ஒகரமும் கிடையாது. தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகள் வரிகளை நாகரியில் எழுதிக்கொள்வார்கள், ‘கொடி’ அதில் ‘கோடி’ ஆகிவிடும். திருத்தித் திருத்திப் பார்த்தேன். கடைசியில் மெட்டை மாற்றினேன். ‘கொ’வுக்கு ஒரு துளி ஸ்வரம், உடனே ‘டி’க்குத் தாவல். இழுக்க இடமே இல்லாதபோது எல்லோரும் கொடி என்றுதான் பாடினார்கள்.

இனி உங்கள் வரி. இரண்டு வழி தெரிகிறது. ‘காற்று’ அப்படியே இருக்கட்டும் என்றால் மெட்டை அங்கே வெட்டி நிறுத்துங்கள், மிச்சத்தை ஆர்மோனியம் நிரப்பட்டும். வெண்பாகூட ‘காசு’, ‘பிறப்பு’ என்று குற்றியலுகரத்தில் முடிவதுண்டு, தமிழ்க் காதுக்கு அந்தச் சட்டென்ற நிறுத்தம் பிடிக்கும். கஜலின் நீண்ட முடிவுதான் வேண்டும் என்றால் அகவற்பாவைப் போல ஏகாரத்தில் முடியுங்கள்: ‘ஜன்னல் திறந்த காற்றே’. தட்டிப் பாருங்கள். ஜன் இரண்டு, னல் இரண்டு, தி ஒன்று, றந் இரண்டு, த ஒன்று. எட்டு, அதாவது எட்டு மாத்திரைத் தாளமான கெஹர்வாவில் ஒரு முழுச் சுற்று. அடுத்த சுற்றில் ‘காற்’ இரண்டு மாத்திரை, ‘றே’வுக்கு ஆறு. அந்த ஆறு மாத்திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் ஆலாபனை செய்துகொள்ளுங்கள், சொல் உடையாது.