சாம்பாரில் மாத்திரை கலக்க வேண்டாம், அம்மா

அம்மா, 27 வயது மகன் தினமும் குடிக்கிறார், பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்கிறார், குடியை நிறுத்தும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து கலக்காதீர்கள். அது பெரும்பாலும் டைசல்ஃபிராமாக இருக்கும். அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த மாதிரி சந்தேகம் உள்ளவர்களுக்கு அதை இன்னும் கூட்டிவிடவும் கூடும். தெரிந்துவிட்டால் உங்கள் கையால் சாப்பிடவே மாட்டார். என் தம்பி விஷயத்தில் அதுதான் நடந்தது. ஆறு மாதம் ஹோட்டல் பார்சல்தான்.

அறையில் பூட்டி வைத்து நிறுத்துவதும் வேண்டாம். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், ஆள் தெரியாமல் பிதற்றலாம். அது ஆஸ்பத்திரியில் செய்கிற வேலை.

குடியால் சந்தேகமா, சந்தேகத்தால் குடியா என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற மனநலப் பிரிவுக்குப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். அவர் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 14416: இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. சாவைப் பற்றிப் பேசினாலோ கை நீட்டினாலோ காத்திருக்காமல் 108.

அப்புறம் பணம். கையில் கொடுக்காதீர்கள், சாப்பாடு, மருந்துக்கு நீங்களே கட்டுங்கள். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் கிளம்புவார்கள், காதிலேயே வாங்காதீர்கள்.