பதிவு செய்தால் பையனைப் பட்டாளத்துக்குக் கூப்பிடுவார்களா?

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. மகனுக்கு 16 வயது நிரம்பி இரண்டு மாதம் ஆகிறது. பிரான்ஸில் கட்டாய ராணுவ சேவை திரும்ப வரப்போகிறது, கான்சலேட்டில் பெயர் கொடுத்தால் பையனைச் சண்டைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். பதியாமல் விட்டுவிடலாமா? 19 வயது மகளுக்கும் எதுவும் பதியவில்லை. பையன் பிறகு அங்கே போய் வேலை கிடைக்காவிட்டால் அரசு மாதாமாதம் பணம் கொடுக்குமாமே? அவருடைய பென்ஷனுக்கு இங்கே வரி உண்டா?

பதில்: விடாதீர்கள், பதியுங்கள். அதுவும் இந்த மாதமே. 16 வயது நிரம்பிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் பதிய வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். உங்கள் மகனுக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது.

நம் ஊரில் ரெசான்ஸ்மான் என்று சொல்லும் இந்தப் பதிவு, ராணுவத்தில் சேர்வதற்கான மனு அல்ல. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒவ்வொரு பிள்ளையும் செய்ய வேண்டிய ஒன்று. மகனுடைய பிரெஞ்சுப் பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை, குடும்பப் பதிவுப் புத்தகமான லிவ்ரே இரண்டையும் எடுத்துக்கொண்டு, முன்கூட்டியே நேரம் வாங்கி, மரைன் வீதியில் உள்ள துணைத் தூதரகத்துக்குப் போங்கள். கையில் ஒரு சான்றிதழ் தருவார்கள். அந்தத் தாளை லிவ்ரேக்குள்ளேயே வையுங்கள், இரண்டு நகலும் எடுத்துவிடுங்கள். பள்ளி இறுதித் தேர்வான பக் எழுதப் பதியும்போது அதைக் கேட்பார்கள். அதற்கப்புறம் 'பாதுகாப்பு, குடிமை நாள்' என்று ஒரே ஒரு நாள் கூப்பிடுவார்கள். அதில் கலந்துகொண்ட சான்றிதழ் இல்லாமல், 25 வயது வரை பிரான்ஸில் ஓட்டுநர் உரிமமும் கிடையாது, அரசுத் தேர்வும் எழுத முடியாது. பதியாமல் விட்டால் போலீஸ் வராது. ஆனால் பையனுக்கு ஒவ்வொரு வாசலிலும் இந்தத் தாள் இல்லாததுதான் தடையாக நிற்கும்.

மகள் விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை. பெண் பிள்ளைக்கு இது வேண்டாம் என்று நம் குடும்பங்களில் பலரும் நினைக்கிறார்கள். 1982க்குப் பிறகு பிறந்த பெண்களுக்கும் இதே கடமை உண்டு. நல்லவேளை, 25 வயது நிரம்புவதற்குள் எப்போது வேண்டுமானாலும் சரிசெய்துகொள்ளலாம். தம்பியோடு அவளையும் அழைத்துப் போங்கள். அப்படியே வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கு பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய சபையில் 11 உறுப்பினர்கள் உண்டு. இந்தியா அதில் 11ஆவது தொகுதியில் வருகிறது. பட்டாளம், வரி, வேலையில்லாதோர் பணம் பற்றி அங்கே நடக்கிற சண்டையில் உங்கள் மகளுக்கும் ஒரு ஓட்டு இருக்கிறது.

சரி, கட்டாய சேவைக்கு வருவோம். ஷிராக் அதிபராக இருந்தபோது, 1997 அக்டோபரில் வந்த சட்டம்தான் அதை நிறுத்தியது. 1979க்கு முன் பிறந்தவர்களோடு அது முடிந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: நிறுத்திவைத்தார்களே தவிர, அடியோடு எடுத்துவிடவில்லை. திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் நாடாளுமன்றம் புதிதாகச் சட்டம் போட வேண்டும்.

2025 நவம்பர் 27 அன்று ஆல்ப்ஸ் பகுதியில் உள்ள வார்ஸ் ராணுவ முகாமில் அதிபர் மக்ரோன் அறிவித்தது வேறு. 18, 19 வயதுப் பிள்ளைகள் தாங்களாக விரும்பினால் 10 மாதம் சேவை செய்யலாம். மாதம் குறைந்தது 800 யூரோ. வேலை பிரெஞ்சு மண்ணுக்குள் மட்டும், வெளிநாட்டுக் களத்துக்கு அனுப்ப மாட்டார்கள். 2026இல் 3,000 பேரோடு தொடங்கி 2035இல் 50,000 பேரை எட்டுவது திட்டம். விரும்பினால்தான் என்பதை அவரே அழுத்திச் சொன்னார். ஆனால் அதே பேச்சில், பெரிய நெருக்கடி வந்தால் நாடாளுமன்றத்தின் அனுமதியோடு, விரும்பி வராதவர்களையும் அழைக்க நேரலாம் என்றும் சொல்லியிருக்கிறார். உங்கள் சொந்தக்காரர்கள் பிடித்துக்கொண்டது இந்தக் கடைசி வரியை. அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அப்படி ஒரு சட்டம் வந்தால், அது குடியுரிமையைப் பார்த்துத்தான் வரும். இன்றைக்குப் பதியாமல் இருப்பதால் பையன் அதில் இருந்து தப்பிவிட மாட்டான்.

புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இந்தப் பயம் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது புரிகிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போன நம் ஊர்ச் சிப்பாய்களான சொல்தாக்களின் கதை இன்னும் பல வீடுகளில் ஓடுகிறது. அந்தக் கதைகளை மதிக்கிறேன். அதற்காக ஒரு 16 வயதுப் பிள்ளையின் காகிதங்களைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

அடுத்து, வேலையில்லாதோர் பணம். இதில்தான் நம் பிள்ளைகள் பலர் ஏமாந்துபோகிறார்கள். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருப்பதால் மட்டும் அது கிடைக்காது. அது காப்பீடு. 55 வயதுக்குக் கீழே உள்ளவர் கடைசி 24 மாதத்தில் குறைந்தது 130 நாள், அதாவது 910 மணி நேரம், வேலை செய்திருக்க வேண்டும். அவராக விடாமல் வேலை பறிபோயிருக்க வேண்டும். வெறுமனே ராஜினாமா செய்துவிட்டுக் கேட்டால் பொதுவாகக் கிடைக்காது. பிரான்ஸில் குடியிருந்து, 'பிரான்ஸ் திராவாய்' என்கிற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் பதிந்து, வேலை தேடிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வயதினருக்கு அதிகபட்சம் 18 மாதம். புதுச்சேரியில் இருந்து நேராகப் போய் இறங்குகிற பையனுக்கு முதல் நாளில் இதில் ஒரு யூரோகூட வராது. வேலையே செய்யாதவர்களுக்கான ஆர்எஸ்ஏ உதவியும் பொதுவாக 25 வயதுக்கு மேல்தான். ஆகவே கையில் ஒரு தொழிலோடு அனுப்புங்கள்.

இந்தப் பணத்தை யார் கொடுப்பது என்பதுதான் அங்கே ஓயாத தகராறு. 2018இல் இந்தக் காப்பீட்டுக்குத் தொழிலாளி கட்டிவந்த பங்கை எடுத்துவிட்டு, சம்பளத்தோடு பென்ஷன் மீதும் விழுகிற சமூக வரியை ஏற்றினார்கள். வேலை செய்து ஓய்ந்தவர்கள் தலையில் ஏன் கட்டுகிறீர்கள் என்று முதியவர்கள் கொதித்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான் என்பது என் கருத்து. 10 கோடி யூரோவுக்கு மேல் சொத்துள்ளவர்கள் ஆண்டுக்கு 2 சதவீதமாவது கட்ட வேண்டும் என்று பொருளாதார அறிஞர் கப்ரியேல் ஸுக்மான் சொன்ன யோசனையை 2025 அக்டோபர் கடைசியில் தேசிய சபை தள்ளிவிட்டது. இளைஞனிடம் சேவையும் முதியவரிடம் வரியும் கேட்கிற நாடு, அந்த மேல்தட்டைத் தொடாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரரின் பென்ஷன். வருமான வரிக்குப் பாஸ்போர்ட்டை விட, எங்கே வசிக்கிறோம் என்பதுதான் கணக்கு. ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருப்பவர், எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும், இந்தியச் சட்டப்படி இங்கே குடியிருப்பவர். இங்குள்ள வங்கி வட்டி, வீட்டு வாடகை எல்லாவற்றையும் இங்கே காட்டியே ஆக வேண்டும். ஆனால் அரசுப் பணிக்காக ஒரு நாடு தரும் பென்ஷனை, 1992இல் இந்தியாவும் பிரான்ஸும் கையெழுத்திட்ட இரட்டை வரி ஒப்பந்தம் தனியாக வைத்திருக்கிறது. பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கும் உங்கள் வீட்டுக்காரரின் ராணுவப் பென்ஷனுக்கு வரி போடும் உரிமை, அதைத் தருகிற பிரான்ஸுக்கு. சொல்தாவாக இருந்தவர்கள் பலர், பட்டாளம் முடிந்து அங்கேயே தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்து இரண்டாவது பென்ஷனும் வாங்குகிறார்கள். அதற்கு விதி வேறு. ஒப்பந்தத்தில் அதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. இரண்டும் ஒரே கணக்கில் வந்து விழுவதால் ஆடிட்டர்களும் சேர்த்துப் பார்த்துவிடுகிறார்கள். எந்தப் பென்ஷனை யார் அனுப்புகிறார்கள் என்று காட்டும் ஆண்டுச் சீட்டுகளைத் தனித்தனியாக எடுத்துப் போய், இது ராணுவம், இது கம்பெனி என்று ஆடிட்டரிடம் நீங்களே பிரித்துக் கொடுங்கள்.