மகனோடு தூண்டில் போட எவ்வளவு செலவு செய்யலாம்?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். சிப்காட் கம்பெனி ஒன்றில் வேலை. பிடித்தம் போகக் கையில் வருவது 24,000 ரூபாய். மகனுக்கு 9 வயது. கடலூரிலேயே வளர்ந்தும் ஒரு மீனைக்கூடத் தூண்டிலில் பிடித்ததில்லையே என்று நச்சரிக்கிறான். பொங்கல் விடுமுறையில் கூட்டிப்போக ஆசை. ராடும் ரீலும் சேர்ந்த செட் 4,200 (ஆறு மாத நோ காஸ்ட் இஎம்ஐ), ஃபைபர் படகு அரை நாளுக்கு 4,000, புதுச்சேரிப் பக்கம் ரிசார்ட்டில் ஓர் இரவு 3,800. ஆக 12,000. கையில் இருப்பதோ 3,500. மாதம் 2,000 வீதம் 25 மாதச் சீட்டு ஒன்றில் 7 தவணை கட்டியிருக்கிறேன். அதைத் தள்ளி எடுக்கலாமா, இல்லை இஎம்ஐ போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்களிடம் இருக்கும் 3,500 ரூபாயில் ஒரு முறை அல்ல, இரண்டு முறை போய்வரலாம், மிச்சமும் இருக்கும்.

முதலில் சீட்டு. 50,000 ரூபாய்ச் சீட்டை எட்டாவது மாத ஏலத்தில் 8,000 தள்ளி, அதாவது அவ்வளவை விட்டுக்கொடுத்து, எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். கைக்கு வருவது அதிகபட்சம் 42,000. தள்ளியதில் ஒரு பங்கு கழிவாகத் திரும்பினாலும் அது சிறு தொகைதான். உங்களுக்குக் குறைவது 8,500. அந்தச் சின்னத் தேவைக்காக 8,000 ரூபாயை விட்டுக்கொடுக்கிறீர்கள். மீதிப் பணம் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பது சீட்டு எடுத்த எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகும் தவணைகளைக் கட்டித்தான் ஆக வேண்டும், ஜாமீனும் கேட்பார்கள். பள்ளிக் கட்டணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால் தொட வேண்டிய பணம் அது.

நோ காஸ்ட் இஎம்ஐ பெயருக்குத்தான் செலவில்லாதது. வட்டித் தொகையைக் கடைக்காரர் தள்ளுபடியாகக் கழித்தாலும், அந்த வட்டியின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான் விழும். செயல்பாட்டுக் கட்டணம் 199 என்றால் ஜிஎஸ்டியோடு 235. இது பொறுத்துக்கொள்ளக்கூடிய தொகைதான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு தவணை தவறினால் தாமதக் கட்டணம் ஒரு பக்கம், மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டிய கார்டு வட்டி மறுபக்கம். ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தாண்டும். அதே கார்டில் மளிகை வாங்கியிருந்தால் அதற்கும் வட்டியில்லாக் காலம் போய்விடும்.

படகை நான் தடுப்பது பணத்துக்காக மட்டும் இல்லை. மீன்பிடிப் படகு மீன்பிடிக்கப் பதிவானது. ஆள் ஏற்றிப் போக அனுமதி தனி. ஏதாவது நடந்தால் இழப்பீடு கேட்டு நிற்க இடமில்லை. தவிர, பழக்கமில்லாத 9 வயதுப் பையனுக்கு அரை மணி நேரத்தில் வாந்தி வரலாம். நாலாயிரம் ரூபாய் கொடுத்த பிறகு திரும்பலாம் என்று சொல்ல அப்பாவுக்கு மனசு வராது. அங்கேதான் பயணம் கெடும். ரிசார்ட்டுக்கும் மீனுக்கும் சம்பந்தமே இல்லை, விட்டுவிடுங்கள்.

சரி, எங்கே போவது? வீட்டுக்குப் பக்கத்தில் உப்பனாறு இருக்கிறது. சிப்காட் கழிவு பற்றிய புகார்கள் அந்த ஆற்றை விட்டபாடில்லை. உள்ளேயே வேலை பார்க்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்தால்தான் பையனுக்குப் பெருமை, அதனால் உப்பனாறு வேண்டாம். தேவனாம்பட்டினம் பக்கம் கெடிலம் கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல் திடீரென்று ஆழமாக இறங்கும், இழுப்பும் அதிகம். ஏரிகளில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகைக்குப் போயிருக்கும்; குத்தகைதாரரைக் கேட்காமல் தூண்டில் போட்டால் பையன் முன்னால் சத்தம் கேட்க வேண்டிவரும். புதுச்சேரி ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், அந்த எண்ணமே வேண்டாம்.

என் தேர்வு பரங்கிப்பேட்டை வெள்ளாற்றுக் கழிமுகம். சிதம்பரம் சாலையில் பு.முட்லூர் போய் இடப்பக்கம் திரும்ப வேண்டும். போகவர 70 கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள், பைக்குக்கு ஒன்றரை லிட்டர். பையனுக்கும் ஹெல்மெட் கட்டாயம். முகத்துவாரம் வரை போகாமல், உள்ளே தள்ளி, கரை சரிவாக இறங்கும் மணல் திட்டாகப் பார்த்து உட்காருங்கள். சேற்றுப் பக்கம் கால் முழங்கால் வரை புதையும், ஆளிச் சிப்பியின் ஓடு பாதத்தைக் கிழிக்கும். பழைய கேன்வாஸ் ஷூ போட்டுப் போனால் போதும், செருப்பு சேற்றோடு போய்விடும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தப் பயணத்தின் முக்கால் பங்கு. அதற்குக் காசும் இல்லை. பொங்கல் வேண்டாம். காணும் பொங்கலன்று கரையெல்லாம் கூட்டம். தை 5 ஆற்றுத் திருவிழாவுக்குப் பெண்ணையாற்றுப் பக்கம் சாலை நகராது. டிசம்பர் அரையாண்டு விடுமுறையும் நம்ம ஊரில் நம்ப முடியாதது. 2011இல் தானே புயல் கரையைக் கடந்தது டிசம்பர் 30. மழை முடிந்து ஆற்றுக் கலங்கல் தெளிந்து உப்பு ஏறியிருக்கும் பிப்ரவரிச் சனிக்கிழமை ஒன்றைப் பிடியுங்கள். மாசி மகத்தன்று மட்டும் கூடாது. ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார், அந்தப் பக்கச் சாலை முழுக்க ஜனம்.

எந்தச் சனிக்கிழமை என்பதை ஏற்றவற்றம், அதாவது கடல் நீர் ஏறி இறங்குவது, முடிவு செய்யும். நீர் ஏறி வரும்போது கிழங்கான், ஊடான் போன்ற சின்ன மீன்கள் இரை தேடிக் கரையோரம் வரும். ஏற்றம் உச்சிக்கு வருவதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் பிந்தைய அரை மணி நேரமும்தான் உங்களுக்கு வேண்டியது. உச்சி நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதாவது ஒரு வாரம் மாறிப் போனால், 8 மணிக்கு நிறை நீர் இருந்த இடத்தில் வற்றம் இருக்கும். காலி சேற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். காலை 8 மணியை ஒட்டி உச்சி வரும் சனிக்கிழமையை ஏற்றவற்ற அட்டவணை காட்டும் செயலியில் பாருங்கள். கழிமுகத்துக்குள் நேரம் கொஞ்சம் பிந்தும், முந்தின நாள் அங்கே இருக்கும் மீனவர் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். பத்து மணிக்கு மேல் கடற்காற்று எழும்பும், வெயிலும் ஏறும். அதற்குள் சுருட்டிக் கிளம்புவது நல்லது.

சாமானுக்கு வருவோம். ராடு வேண்டாம், கைத்தூண்டில் போதும். மீன் கொத்துவது விரலில் நேரே தெரியும். ராடில் அது தெரியப் பையனுக்குப் பழக்கம் வேண்டும். 0.35 மில்லிமீட்டர் நரம்பு (நைலான் தூண்டில் இழை) 100 மீட்டர் வாங்கி, இரண்டாகப் பிரித்து, இரண்டு காலி ஒரு லிட்டர் பாட்டிலில் சுற்றிக்கொள்ளுங்கள். நரம்பை 20 கிராம் துளை ஈயத்தில் கோத்து ஒரு ஸ்விவலில் (நரம்பு முறுகாமல் சுழலும் இணைப்பு வளையம்) கட்டுங்கள். ஸ்விவலின் மறுபக்கத்தில் 0.25 நரம்பு ஒரு முழம், அதன் நுனியில் 8ஆம் எண் முள். எண் ஏற ஏற முள் சிறிதாகும். கிழங்கானுக்கு வாய் சின்னது, பெரிய முள் போட்டால் இரையை மட்டும் தின்றுவிட்டுப் போகும். மெல்லிய நரம்பை முள் பக்கம் வைப்பதில் காசுக் கணக்கும் உண்டு. முள் எதிலாவது மாட்டினால் அறுவது அந்த நுனிதான். நாலைந்து ரூபாய் சாமான் போகும், ஈயமும் ஸ்விவலும் தப்பும்.

முடிச்சு: நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, அதன் மேலேயே ஆறு சுற்றுச் சுற்றி, காதை ஒட்டி உள்ள வளையத்தில் நுனியை விட்டு இழுங்கள். இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்க வேண்டும். உலர இழுத்தால் உரசும் சூட்டில் நைலான் பலமிழக்கும். மீன் மாட்டிய நேரம் பார்த்து முடிச்சில் அறும். முந்தின இரவே வீட்டில் பையனை ஐந்தாறு முள் கட்டவையுங்கள். பிளையரால் முள்ளின் எதிர்ச்செதிலை (நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் கூர்) நசுக்கிவிடுங்கள். ஒன்றிரண்டு மீன் நழுவும், ஆனால் முள் விரலில் ஏறினால் வந்த வழியே கழன்றுவிடும்.

இரைக்குச் சின்ன இறால் 150 கிராம் போதும். தோல் உரித்து, சுண்டுவிரல் நக அளவுக்கு நறுக்கி, கல் உப்புத் தூவி வைத்தால் சதை இறுகும், முள்ளில் நிற்கும். பதினைந்து மீட்டர் எறிந்தால் தாராளம். எறியும்போது பையன் உங்களுக்குப் பக்கவாட்டில் நிற்கட்டும், பின்னால் கூடாது. டக்டக்கென்று இரண்டு தட்டு தட்டினால் ஒரு சாண் வெட்டி இழுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு தொல்லைகள் வரும். கத்தரித்தாற்போல நரம்பு அறுந்து வந்தால் அது பேத்தை, உடலை உப்ப வைக்கும் மீன். பல்லால் நரம்பைக் கடித்துவிடும். அங்கேயே திரும்பத் திரும்பப் போட்டால் முள் பாக்கெட் காலியாகும்; இருபது மீட்டர் தள்ளிப் போய்விடுங்கள். பேத்தை மாட்டினால் அதன் உப்பல் பையனுக்கு வேடிக்கைதான், காட்டிவிட்டுத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். அதன் விஷம் சமைத்தாலும் போகாது. இன்னொன்று கெளுத்தி. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். பையன் தொடக் கூடாது. ஈரத்துணியால் அமுக்கிப் பிளையரால் நீங்களே கழற்றுங்கள். குத்திவிட்டால், தோல் வேகாத அளவுக்குப் பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வைத்தால் வலி தணியும். பிறகு டாக்டரிடம் காட்டி டெட்டனஸ் தடுப்பு ஊசி. பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோவது இதற்காகத்தான், காப்பிக்கு இல்லை.

தாராளமாகச் செலவழிக்க வேண்டிய ஒரே பொருள் லைஃப் ஜாக்கெட். கரையில்தானே என்று விடாதீர்கள். பையனின் எடைக்கு ஏற்றதா என்று உள்ளே தைத்திருக்கும் துண்டைப் பாருங்கள். போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கும்போது அது காது வரை ஏறினால் பெரிது. வளர்ந்தால் ஆகும் என்று அளவு கூட்டி வாங்கும் நம் பழக்கத்தைத் தீபாவளிச் சட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. விலை கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். தடித்த நரம்பு 120, மெல்லியது 60, முள் இருபது 80, ஈயம் எட்டு 80, ஸ்விவல் 60, ஆக 400. பிளையர் 120. லைஃப் ஜாக்கெட் 800. இறாலும் ஐஸும் 110. பெட்ரோல் 160. காலை இட்லி வீட்டிலிருந்து. திரும்பும்போது பரங்கிப்பேட்டையில் இருவர் சாப்பாடு 250. பஞ்சு, டெட்டால், பிளாஸ்திரி 60. மொத்தம் 1,900. இரண்டாம் முறை போகும்போது இரை, பெட்ரோல், சாப்பாடு, இழந்த முள் ஈயத்துக்கு 100 சேர்த்து 620தான் ஆகும். இரண்டுக்கும் 2,520. மிச்சம் 980.

இரண்டாம் பயணத்தை மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். கரைத் தூண்டிலை அது தடுக்காது, ஆனால் இறால் விலை ஏறிவிடும்.

அந்த 980இல் ஒரு 20 ரூபாயை உங்களுக்கு ஒதுக்குங்கள். வங்கிக் கணக்கில் பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். ஜூன் முதல் மே வரைதான் அதன் ஆண்டு. மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லாமல் பிடித்தம் தவறியவர்கள் நிறைய.

மீதியைத் தொடாமல் வையுங்கள். இரண்டு முறை போனபிறகும் பையன் அடுத்தது எப்போது என்று அவனாகக் கேட்டால், ஜூன் மாதப் பள்ளிச் செலவு முடிந்ததும் இன்னும் 300 போட்டு ஆறடி ஃபைபர் ராடும் சாதாரண ரீலும் ரொக்கத்துக்கு வாங்கிக் கொடுங்கள். கேட்காவிட்டால் 4,200 ரூபாய் செட் ஒன்று பரண் ஏறாமல் தப்பியது. வாங்கினால், ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் ரீலைக் கழுவித் துடைத்து, கைப்பிடி மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடச் சொல்லுங்கள். உப்போடு விட்டால் ஒரே மாதத்தில் இறுகிவிடும்.