கேத்திப் பள்ளத்தாக்கில் இடம் வாங்கலாமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறோம். ஓய்வுக்காலத்துக்கு ஊட்டியை ஒட்டிய கேத்திப் பள்ளத்தாக்கில் பத்து சென்ட் பார்த்திருக்கிறோம். சரிவான இடம், காட்சி அருமை. வாங்கலாமா?

பதில்: கேத்தி நல்ல ஊர். மலை ரயில் நிற்கும். ஊட்டி, குன்னூர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கண்ணுக்கு எட்டியவரை கேரட்டும் உருளைக்கிழங்கும் தேயிலையும். ஆனால் மே மாதம் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். நவம்பரில், மழைக்கு நடுவே ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மேற்கே அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கேத்தி, குன்னூர்ப் பக்கம் பயப்பட வேண்டியது வடகிழக்குப் பருவமழைக்கு. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் பதிவான மழை 82 செ.மீ. அந்த மழையில் மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். இங்கே பாறைக்கு மேல் பல அடி ஆழத்துக்கு மக்கிய மண்தான். தண்ணீர் ஊற ஊற அது கனத்து, பிடி தளர்ந்துவிடும். வீட்டுக்காகச் சரிவை வெட்டும்போது, மேல் மண்ணைத் தாங்கி நின்ற அடிமண்ணைத்தான் எடுக்கிறோம்.

இடத்துக்கு மேலே ஏறிப் பாருங்கள். மண்ணில் பிறைபோல விரிசல், சாய்ந்த மின்கம்பம், அடியில் வளைந்து நிற்கும் சில்வர் ஓக் மரம், புதிதாகக் கசியும் ஊற்று, இதில் எது இருந்தாலும் வேண்டாம். பக்கத்து வீட்டுத் தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளையும் பாருங்கள். மழையில் தெளிந்த நீர் வடிந்தால் நல்லது. கலங்கிய நீர் வந்தால் உள்ளே மண் கரைகிறது. சுற்றிலும் சுவர் ஈரமாக இருந்து துளை மட்டும் காய்ந்திருந்தால் அடைத்துக்கொண்டது, தண்ணீர் பின்னால் தேங்குகிறது. என் கணக்கில் விற்பவர் சொல்லும் எதையும்விட இதை நம்பலாம்.

சரி, கீழே ஓடையோரம் வாங்கலாமே என்றால், குளிர்காற்று இறங்கித் தேங்குவது அங்கேதான். ஜனவரியில் உறைபனியும் அங்கேதான் அதிகம். இங்குள்ள படுகர் மக்களின் பழைய ஹட்டிகள் (அவர்களின் ஊர்கள்) பெரும்பாலும் மேட்டில் இருப்பதைக் கவனியுங்கள்.

அப்புறம் பத்திரம். வில்லங்கச் சான்றும் பட்டாவும் சரியாக இருந்தால் மட்டும் போதாது. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். மலைப்பகுதியில் கட்டட உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. பொக்லைன் இறக்கவும் போர்வெல் போடவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. "முதலில் வெட்டுவோம், பிறகு அனுமதி வாங்கிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், அந்த ஆளிடம் இடம் வாங்காதீர்கள்.