தொழில்முறை வேலைக்கான மேசைக் கணினியான மேக் புரோவை ஆறு ஆண்டுகள் புதுப்பிக்காமல் அப்படியே விட்டது ஆப்பிளுக்கு வணிகரீதியில் சரியான முடிவுதானே?

கணக்குப்பிள்ளையைக் கேட்டால் சரி என்றுதான் சொல்வார். வருமானத்தின் பெரும்பகுதி ஐபோனிலிருந்து வரும்போது, சிலரே வாங்கும் மேசைக் கணினிக்கு எதற்கு மெனக்கெடுவது என்பார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய வன்பொருளை விற்பது குற்றமன்று. பழையதைப் புதியதன் விலைக்கு, வாய் திறக்காமல் விற்பதுதான் குற்றம்.

நான் படத்தொகுப்பு வேலை செய்பவன். 2010-இல் வந்த அலுமினிய மேக் புரோவைப் பல ஆண்டுகள் வைத்திருந்தேன். முகப்பு முழுக்கத் துளைகள். எங்கள் வீட்டில் அதற்கு இடியாப்பத் தட்டு என்று பெயர். பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் நினைவகம், வட்டு, வரைகலை அட்டை எதையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். கணினி கிழடானாலும் வேலை நிற்காது.

2013 டிசம்பரில் விற்பனைக்கு வந்த அடுத்த மேக் புரோ, ஒரு கறுப்பு உருளை, அந்த வழியை அடைத்துவிட்டது. சுமார் 25 செ.மீ. உயரம். நடுவில் முக்கோணமாக ஓர் உலோகத் தண்டு, வெப்பத்தை வெளியேற்ற மேலே ஒரே ஒரு விசிறி. பார்க்க அழகுதான், குப்பைத்தொட்டி என்று பட்டப்பெயர் வந்தாலும். ஆனால் இரண்டு நடுத்தர வரைகலைச் சில்லுகள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் என்ற ஊகத்தில் அதை வடிவமைத்தார்கள். துறையோ, அதிக மின்சாரம் குடிக்கும் ஒற்றைப் பெரிய சில்லை நோக்கிப் போனது. அந்த வெப்பத்தை உருளை தாங்காது. கடையில் விற்கும் சாதாரண அட்டையைச் செருகவும் இடமில்லை.

ஊகம் தவறுவது யாருக்கும் நேரும். அதன்பின் என்ன செய்தார்கள் என்பதுதான் என் வழக்கு. செயலியில் நான்கு கருக்கள், அதாவது கணக்கிடும் பகுதிகள், கொண்ட அடிப்படை வகையை 2,999 டாலருக்கே மூன்று ஆண்டுகளுக்கு மேல் விற்றார்கள். 2016 மார்ச்சில் ஆப்பிள் மேடையில் அதன் அப்போதைய சந்தைப்படுத்தல் தலைவர் ஃபில் ஷில்லர், ஐந்து ஆண்டுக்கும் பழைய கணினிகள் 60 கோடிக்கு மேல் பயன்பாட்டில் இருப்பது வருத்தமானது என்றார். அன்று அவர்களுடைய கடையிலேயே 2012-இன் மேக்புக் புரோ மடிக்கணினி ஒன்று புதுச்சரக்காக இருந்தது! 2017 ஏப்ரலில்தான் சில பத்திரிகையாளர்களை அழைத்து, வெப்ப விஷயத்தில் தாங்களே ஒரு மூலைக்குள் சிக்கிக்கொண்டதை ஒப்புக்கொண்டார்கள். மாற்று மாதிரி வர 2019 டிசம்பர் ஆயிற்று. அதன் தொடக்க விலை 5,999 டாலர். இதற்குள் என் தொழிலில் பலர் விண்டோஸுக்குப் போய்விட்டார்கள். மென்பொருள், கோப்புகள், கைப்பழக்கம் எல்லாம் இடம்மாறிய பிறகு யார் திரும்பி வருவார்?

ஆப்பிளின் சிறிய மேசைக் கணினியான மேக் மினியின் கதை இன்னும் வேடிக்கை. 2012 மாதிரியில் நான்கு கருக்கள் வரை வாங்கலாம். 2014 மாதிரியில் இரண்டுதான். அதை 2018 வரை விற்றார்கள்.

அது பழங்கதை என்பீர்கள். 2025 மார்ச்சில் ஆப்பிளின் இன்னொரு மேசைக் கணினியான மேக் ஸ்டுடியோ எம்3 அல்ட்ரா சில்லுடன் 3,999 டாலருக்கு வந்தது. அன்று 6,999 டாலர் மேக் புரோவுக்குள் இருந்தது 2023-இன் முந்தைய தலைமுறைச் சில்லான எம்2 அல்ட்ராவேதான்.