கழிவுநீருக்கு வரியும் கட்டி, கட்டணமும் கட்ட வேண்டுமா?

வியாசர்பாடி வீட்டுக்கு மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) ஏன் வரி, கட்டணம் என்று இரண்டு தொகை கேட்கிறது என்கிறீர்கள். வரி, கட்டடத்தின் ஆண்டு மதிப்பில் (சொத்து வரிக்காக மாநகராட்சி கணக்கிடும் மதிப்பு) 7 சதவீதம். குடிநீருக்கும் கழிவுநீருக்கும் சேர்த்து, அரையாண்டுக்கு ஒருமுறை. கட்டணம் பயன்பாட்டுக்கு, வீட்டுக்கும் கடைக்கும் விகிதம் வேறு.

கழிப்பறைத் தண்ணீரா, சமையலறைத் தண்ணீரா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லாம் ஒரே பாதாளச் சாக்கடையில் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைநீர் வடிகால் மட்டும் மாநகராட்சியுடையது, அதில் சாக்கடையை விடக் கூடாது. பட்டறைக்காரர்கள் ரசாயனக் கழிவைச் சுத்திகரிக்காமல் எதிலும் விடக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், நாம் காசு கொடுத்து அனுப்பும் கழிவுநீரையே கொடுங்கையூரில் ஆர்.ஓ. முறையில் சுத்தப்படுத்தி, மணலி தொழிற்சாலைகளுக்கு வாரியம் விற்கிறது. அந்த ஆலையின் திறன் நாளுக்கு 4.5 கோடி லிட்டர்.